பற்றவைப்போர் கையுறை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கையுறை. குளிர்நாட்டுச் சீமாட்டிகள் விருந்துக்கு அணிந்து செல்லும் பட்டுக் கையுறை அன்று; இரும்பை உருக்கி இரும்போடு ஒட்டும் பற்றவைப்புத் தொழிலாளர் அணியும் தோற்கையுறை. மத்திய அரசின் மொழிபெயர்ப்பு அலுவலில் காகிதமும் பேனாவுமாய் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் வினவக்கூடும். பாதுகாப்பு அறிவிப்புகளையும் சட்ட அட்டவணைகளையும் தமிழாக்குவது நமது அன்றாடக் கடமைகளுள் ஒன்று. அவ்வாறு நம் மேசைக்கு வந்த ஓர் அட்டவணையே இந்தப் பேச்சுக்குக் காரணம்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு இணைந்தது அது. வேலையில் நேரும் விபத்தால் ஓர் உறுப்பை இழந்தவர் தம் சம்பாதிக்கும் ஆற்றலில் எத்தனை பங்கை இழந்தார் என்று அது கணக்கிடுகிறது. கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு. சுட்டுவிரல் முழுவதும் போனால் 14. நடுவிரலுக்கு 12. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்வட்டவணை இடம்பெற்றது. மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிட எளிய வேலை இல்லை; எண்களுக்கு எல்லா மொழிகளிலும் ஒரே மதிப்பு. ஆயினும் அந்தப் பதினான்கைப் படித்தபோது நம் மனம் ஒப்பவில்லை. கொதிகலன் குழாயைப் பற்றவைப்பவருக்குச் சுட்டுவிரலும் கட்டைவிரலும் அல்லவா தொழில்? சுட்டுவிரல் விறைத்துப்போனால் எஞ்சிய எண்பத்தாறை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

கொதிகலன் என்று நாம் சொன்னது காரணத்தோடுதான். திருச்சிராப்பள்ளிக்கு அருகில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை இருப்பதை நேயர்கள் அறிவர். அங்கே 1975ஆம் ஆண்டில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் நிறுவப்பட்டது. ஆலையைச் சுற்றித் துவாக்குடி, திருவெறும்பூர்ப் பகுதிகளில் எத்தனையோ பட்டறைகள் எழுந்தன. அங்கெல்லாம் கைபழகிய இளைஞர்கள், ‘உயர் அழுத்த வெல்டர்’ என்னும் சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அனல்மின் நிலையம் எங்கே எழுகிறதோ அங்கே சென்றார்கள். அவர்களுள் சிலரேனும் இன்று நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்குத் தொழிலைக் கற்பிக்க நாம் முற்படவில்லை. கையில் மாட்டும் உறையைப் பற்றி நூல்களிலும் தர விதிகளிலும் நாம் கண்டவற்றை மட்டும் எடுத்துரைக்கிறோம்.

மின்வில்லின் வெப்பம் பல ஆயிரம் டிகிரி. எஃகு உருகுவதற்கு ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் போதும். மின்வில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. அதிலிருந்து கைக்கு வரும் தீங்கு ஒருவகைப்பட்டதன்று. உருகிய உலோகத் துளிகள் பொறியாய்த் தெறிக்கின்றன. அனல் கதிராய் வீசுகிறது. சற்றுமுன் பற்றவைத்த இரும்பு நிறம் மாறிக் கறுத்துக் கிடக்கிறது. குளிர்ந்துவிட்டதாக நம்பித் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இவை மூன்றும் உடனே சுடுபவை. ஆகவே தொழிலாளர் இவற்றை அறிவர். நான்காவது உடனே சுடாதது. மின்வில் உமிழும் புற ஊதாக்கதிர், வெயில் காய்ந்ததுபோல் தோலைச் சிவக்கவைத்து, ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017ஆம் ஆண்டில் கூடி ஆராய்ந்து, பற்றவைப்புப் புகையையும் பற்றவைப்பிலிருந்து வரும் புற ஊதாக்கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்னும் முதல் வகுப்பில் சேர்த்தது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்பதை ஒருவரும் மறுப்பதில்லை. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட தோலை மட்டும் யாரும் நினைப்பதில்லை. கையுறை ஏறக்குறைய ஓர் அடி நீளம் இருக்கவேண்டும் என்று தர விதிகள் சொல்வது இதற்காகவே. மணிக்கட்டோடு நின்றுவிடும் குட்டைக் கையுறை பெட்டி தூக்க உதவும், பற்றவைப்புக்கு உதவாது.

தெருக்கடைகளில் விலை மலிவாய்க் கிடைக்கும் பின்னல் கையுறைகளை நேயர்கள் பார்த்திருப்பார்கள். உள்ளங்கையில் புள்ளிபுள்ளியாய்ப் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். கட்டடம் எழும் இடங்களில் பற்றவைப்பவர் கையிலும் இதுவே இருக்கக் காண்கிறோம். பருத்தி நூலாயின் பொறி பட்டுக் கருகி ஓட்டையாகும். நைலான், பாலியெஸ்டர் நூலாயின் நிலைமை இன்னும் மோசம்: அது உருகித் தோலோடு ஒட்டிவிடும். வெறுங்கை சுட்டால் உதறிவிடலாம். உருகிய நைலானை உதற முடியாது. தோலே தகுந்தது. அதிலும் எல்லாத் தோலும் தகுந்ததன்று.

இங்கே நமது நாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. தமிழ்நாட்டில் நெடுங்காலம் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையால். சிவந்து, உறுதியாய், செருப்புக்கும் பைக்கும் ஏற்றதாய் அமைந்த அத்தோல் கடல் கடந்தும் புகழ் பெற்றது. ஆனால் நீரில் நனைத்துச் சூடாக்கினால் எண்பது டிகிரி வாக்கிலேயே அது சுருங்கத் தொடங்கும். குரோமிய உப்பால் பதனிட்ட தோலோ கொதிநீரிலும் சுருங்காமல் நிற்கும். இந்தக் குரோமியப் பதனீட்டைச் சென்னையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் முயன்று நடத்திக்காட்டியவர் ஆல்பிரட் சாட்டர்டன். பற்றவைப்போர் கையுறைக்கு வேண்டியது இவ்வகைத் தோலே. மாட்டுத்தோலை இரண்டாகப் பிளந்தால் கிடைக்கும் உள்பாளம் சொரசொரப்பாய், பொறியைத் தாங்குவதாய் இருக்கும். தடித்த கையுறைகள் பெரும்பாலும் இதனால் ஆனவை. ஆட்டுத்தோல் மெல்லியது, வலியது. விரலின் உணர்வைக் கெடுக்காதது. இத்தகைய தொழிற்கையுறைகள் தைப்பதில் கொல்கத்தா நம் நாட்டில் முதன்மையானது. அந்நகரில் வாழும் நேயர்கள் தம் ஊர்ச் சரக்கைக் கவனித்து வாங்கலாம்.

வாங்கும்போது தோலை மட்டும் பார்த்தல் போதாது, தையலைப் பார்க்கவேண்டும். கையுறை முதலில் கிழிவது தோலில் அன்று, நூலில். சாதாரண நூல் பொறி பட்டதும் அறுந்து விரலிடுக்கு வாய் திறக்கும். கெவ்லார் என்னும் செயற்கை இழை உருகுவதில்லை, எளிதில் எரிவதில்லை. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் பணிபுரிந்த ஸ்டெபனி குவோலெக் என்னும் அம்மையார் இதற்கு வழி கண்டார். இவ்விழையால் தைத்த கையுறைக்கு விலை சற்றுக் கூடுதல். தையல் உட்புறமாய் மடிந்திருக்கிறதா, இரு தோல்களுக்கிடையே ஒரு தோல்நாடா வைத்துத் தைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் விரலால் தடவி அறியலாம்.

தர விதிகளுக்கு வருவோம். தோல், பருத்திக் கையுறைகளுக்கென்று 1973ஆம் ஆண்டில் வெளியான இந்தியத் தரவிதியின் எண் 6994. பற்றவைப்புக் கையுறைக்கென்றே தனியாக ஐரோப்பியர் வகுத்தது 12477 என்னும் எண்ணுடையது. நல்ல சரக்கின் மேல் இவ்வெண் அச்சிட்டிருக்கும். அருகில் ‘ஏ’ அல்லது ‘பி’ என்னும் எழுத்தும் இருக்கும். பலரும் இதை முதல்தரம், இரண்டாந்தரம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. ‘ஏ’ என்பது தடித்தது. தெறிக்கும் உலோகத் துளிகள் இருபத்தைந்தையேனும் தாங்கவேண்டும். ‘பி’ என்பது மெல்லியது. பதினைந்து துளிகளைத் தாங்கினால் போதும். ஆனால் ‘ஏ’ அணிந்தவர் 11 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியைப் பொறுக்கி எடுத்தாலே தேர்வில் வென்றதாகும். ‘பி’ அணிந்தவர் 6.5 மில்லிமீட்டர்க் கம்பியைப் பொறுக்க வேண்டும். ராடு பிடித்து வெல்டிங் செய்பவருக்கு முன்னது. ஆர்கான் வாயுவைக் கொண்டு ‘டிக்’ வெல்டிங் செய்து, மறுகையால் மெல்லிய நிரப்புக்கம்பியை நூல்போல் ஊட்டுபவருக்குப் பின்னது.

இனி, நாம் மிகவும் வியந்த செய்தி. இரு வகைக் கையுறைக்கும் தொடு வெப்பத்தேர்வு ஒன்று உண்டு. 100 டிகிரி சூடான பொருளைத் தொட்டு 15 வினாடி தாங்கினால் அந்தத் தேர்வில் குறைந்தபட்சத் தகுதி கிடைத்துவிடும். நூறு டிகிரி, பதினைந்து வினாடி. அவ்வளவே அந்த எண் உறுதியளிப்பது. அனல்மின் நிலையத்தில் நீராவிக் குழாய்களுக்குப் பயன்படும், ஒன்பது விழுக்காடு குரோமியம் கலந்த ‘பி-91’ எஃகைப் பற்றவைக்குமுன் 200 டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறார்கள். வேலை முடியும்வரை அச்சூடு குறைய விடுவதில்லை. குறைந்தால் இணைப்பு வெடித்துவிடும். அந்தக் குழாயின் முதல் சுற்றை இடுவது ‘டிக்’ முறையில். அதற்குரியது மெல்லிய கையுறை. அதாவது, எங்கே சூடு மிகுதியோ அங்கே மெல்லிய உறை வேண்டியிருக்கிறது. குழாய்களோ நெருங்கி நிற்கின்றன. பின்பக்கத்து இணைப்பைக் கண்ணாடியில் பார்த்துப் பற்றவைக்கும் இடங்களும் உண்டு. கையை ஊன்றாமல் அவ்வேலை நடவாது. ஊன்றுவதற்கோ சூடான குழாயைத் தவிர வேறிடம் இல்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கண்ணாடி இழையால் நெய்த விரலுறை ஒன்று உண்டு. கையுறையின் மேல் சுண்டுவிரலிலோ மோதிரவிரலிலோ செருகிக்கொண்டு அவ்விரலையே குழாயில் ஊன்றலாம். கைப்புறத்தில் அலுமினியம் பூசிய திண்டும் கிடைக்கிறது. கதிராய் வீசும் அனலை அது திருப்பி அனுப்பும். பற்றவைக்கும் இடம் நீங்கலாகக் குழாயின் மற்றப் பகுதியை வெப்பங்கடத்தாத துணியால் போர்த்தலாம். இருவர் மாறிமாறிச் செய்யலாம். முதல் சுற்று முடிந்து ராடு வெல்டிங் தொடங்கியதும் மெல்லிய உறையைக் கழற்றித் தடித்ததை மாட்டவேண்டும். ஆகவே ஒருவருக்கு ஒரு ஜோடி என்னும் கணக்கு இங்கே செல்லாது. கிடங்கு எழுத்தர்கள் ‘நேற்றுத்தானே வாங்கினாய்’ என்பார்கள். அவர்கள் கையில் பேரேடு இருக்கிறது, சூடு இல்லை.

போர்த்தும் துணி என்றோம். முன்னாளில் அதற்கும் கையுறைக்கும் கல்நார் பயன்பட்டது. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எல்லார்க்கும் விளங்கும். தீயை அது நன்றாகத்தான் தாங்கியது. அதன் நுண்துகள் நுரையீரலில் தங்கிப் பல்லாண்டு கழித்துக் கொல்லும் நோய்களை விளைக்கிறது என்பதில் இன்று ஐயமில்லை. பழைய கிடங்குகளின் மூலையில் சாம்பல் நிறத்தில் நைந்த கல்நார்க் கையுறைகள் கிடந்தால், வீணாகிறதே என்று எடுத்து மாட்டவேண்டா, உதறவும் வேண்டா.

இடமும் பருவமும் செய்யும் கொடுமை வேறு. மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி ஆகிய துறைமுக நகரங்களில் கப்பலின் அடிவயிற்று அறைகளுக்குள் இறங்கிப் பற்றவைப்பவர், கால்மணி நேரத்தில் வியர்வையில் குளித்துவிடுகிறார். தோற்கையுறை உள்ளிருந்தே நனைகிறது. மின்வில் பற்றவைப்புக்குரிய கையுறை ஒரு லட்சம் ஓம் அளவுக்கு மின்தடை உடையதாய் இருக்கவேண்டும் என்பது மேற்சொன்ன ஐரோப்பிய விதி. உப்பு வியர்வை ஊறிய தோலில் அந்தத் தடையை எதிர்பார்க்க முடியாது. பற்றவைப்பு இயந்திரம், வில் எரியாதபோது, எண்பது வோல்ட் வரை காட்டும். அது சிறிதென்று எண்ணுவோர் உளர். நாற்புறமும் இரும்பு சூழ்ந்த அறையில், நனைந்த உடலோடு, நனைந்த கையால் ராடு மாற்றுபவருக்கு அது சிறிதன்று. இரண்டு மணிக்கு ஒருமுறை உலர்ந்த ஜோடிக்கு மாறுவதே அங்கு வழி. தடித்த நல்ல கையுறையாயினும், நனைந்துவிட்டால் அதைவிட உலர்ந்த சாதாரணக் கையுறை மேல் என்பது நமது கருத்து.

வடக்கே நிலைமை நேர்மாறு. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட சேனாப் ரயில் பாலம் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அத்தகைய மலைப்பகுதிகளில் மாரிக்காலத்து வேலை எப்படியிருக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் பிறந்தவர் கற்பனை செய்வதும் அரிது. குளிரில் தோல் பலகைபோல் விறைக்கிறது, விரல் மடங்குவதில்லை. அப்போது உள்ளே ஒரு நைலான் கையுறையை மாட்டிக்கொள்ளும் வழக்கம் பலரிடம் உண்டு. அது கூடாது, மேல் தோலில் சிறு துளை விழுந்தால் உள்ளிருப்பது உருகும். கம்பளியோ பருத்தியோ அணியலாம்.

தலைக்குமேல் பற்றவைக்கும்போது இன்னொரு சங்கடம். கையைத் தூக்கியதும் கையுறையின் அகன்ற வாய் புனல்போல் மேல்நோக்கி நிற்கிறது. பொறிகள் நேரே உள்ளே விழுகின்றன. அவ்வேலைக்குத் தோற்சட்டைக் கையைக் கையுறைக்கு மேலாக இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். எரிவாயு கொண்டு வெட்டுபவர்க்கோ எண்ணெய்ப்பசைதான் பகை. கிரீஸ் படிந்த கையுறையோடு ஆக்சிஜன் உருளையின் வால்வைத் திருகலாகாது. அழுத்தமுள்ள ஆக்சிஜன் எண்ணெயைத் தீக்குச்சியின்றியே பற்றவைத்துவிடும். துளையிடும் இயந்திரத்தின் அருகில் கையுறையே கூடாது. சுழலும் முனை தோலைப் பிடித்தால் கையையும் சேர்த்துச் சுருட்டிவிடும். கையுறையைக் கழற்றுவதும் ஒரு பாதுகாப்பாகும் இடம் அது.

சில ஆண்டுகளுக்குமுன் மேற்குக் கடற்கரை நகரம் ஒன்றில், தூத்துக்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவரோடு பேசும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. வலது மணிக்கட்டில் காசளவு தழும்புகள் வரிசையாய் இருந்தன. கையுறை தருவதில்லையா என்று கேட்டோம். “தருவாக அண்ணாச்சி. ரெண்டாவது ஜோடி கேட்டா சம்பளத்துல புடிச்சுக்கிடுவாக. அதான் ஓட்டை விழுந்ததையே துணி சுத்திப் போட்டுக்கிடுதேன்” என்றார். சினமின்றி, சந்தைவிலை சொல்வதுபோல் அவர் சொன்னார். துணி சுற்றிய கையுறை என்பது பொறி விழுந்து கனல்வதற்கு இடம் அமைத்துக் கொடுத்ததாகும் என்பதை அவரும் அறிவார். சம்பளம் பிடிக்கப்படுவதையும் அறிவார். இரண்டில் உடனே நிகழ்வது எதுவோ அதற்கு அஞ்சினார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 114ஆம் பிரிவில், அச்சட்டப்படி தரவேண்டிய கருவிக்கும் வசதிக்கும் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கலாகாது என்று தெளிவாக விதித்தது. அதையும், வெளிமாநிலத் தொழிலாளருக்கென 1979ஆம் ஆண்டில் வந்த சட்டத்தையும், வேறு பலவற்றையும் ஒன்றுசேர்த்து 2020ஆம் ஆண்டில் இயற்றிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும், பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளரிடம் காசு பெறக்கூடாது என்னும் விதி இருக்கிறது. ‘இரண்டாவது ஜோடி’ என்று ஒரு விலக்கை அதில் நாம் காணவில்லை. மொழிபெயர்ப்பவர்கள் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிப் பார்ப்பவர்கள்; இருந்திருந்தால் நம் கண்ணுக்குத் தப்பியிராது. தனியே ஒருவர் இதை மேற்பார்வையாளரிடம் சொல்வது எளிதன்று என்பதும் நமக்குத் தெரியும். நால்வர் சேர்ந்து, கிழிந்த கையுறைகளைக் கையிலெடுத்துக்கொண்டு சென்று கேட்டால் பேச்சு வேறாகும். பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெறுவது என்னும் ஏற்பாட்டுக்கு நிர்வாகங்கள் இணங்குவதும் உண்டு.

கேட்பதற்கு மொழி வேண்டுமே! தமிழில் கையுறை. மலையாளத்திலும் ஏறக்குறைய அதுவே. தெலுங்கர் சேதி தொடுகு என்பர். கன்னடர் கைகவசு என்பர். இந்தியில் தஸ்தானா, பாரசீகத்தில் ‘தஸ்த்’ என்றால் கை. மராத்தியர் ஹாத்மோஜே என்கிறார்கள், கைக்குக் காலுறை என்பதுபோல. பட்டறைகளில் மட்டும் காசுமீரம் முதல் குமரி வரை ‘கிளவுஸ்’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. நம் மொழிபெயர்ப்பு உழைப்பையெல்லாம் அந்த ஒரு சொல் தோற்கடித்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வருத்தமில்லை.

கிடைத்த கையுறையை நெடுநாள் காப்பது அணிபவர் கையில். சூடான இரும்பைத் தூக்க இடுக்கி இருக்கிறது. கையுறையால் தூக்கினால் தோல் சுருங்கி ஓடாகும். மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவவேண்டா. நனைந்ததை அடுப்பருகிலும் கடும் வெயிலிலும் போடாமல், வாய் கீழ்நோக்க நிழலில் காற்றாடத் தொங்கவிட்டால் மறுநாள் காலையில் விரல் மடங்கும். மாட்டுமுன் உள்ளே கைவிட்டு விளக்கை நோக்கிப் பிடித்து, விரலிடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்க.